பிறர் பேதைமையும் நம் சிரிப்பும்

தன்னலம் ஒன்றையே எண்ணி வாழ்பவர்க்குப் பிறர் துன்பம் புலப்படுவதில்லை; தம் பேதைமையும் புலப்படுவதில்லை. அத்தகையோரின் அழிவையே நகைச்சுவையாக்கும் திரைப்படங்கள் பலரையும் ஈர்ப்பது ஏன்?

அமெரிக்க இயக்குநர்களான ஜோயல் கோயன், ஈத்தன் கோயன் சகோதரர்கள் 2008-இல் வெளியிட்ட ‘பர்ன் ஆஃப்டர் ரீடிங்’ இதற்கோர் எடுத்துக்காட்டு. உடற்பயிற்சிக் கூடமொன்றில் பணிபுரியும் லிண்டாவுக்கு, அழகு அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்பதே ஓயாத நினைவு. உளவுத்துறைப் பணியை விட்டவர் ஒருவரின் நினைவுக்குறிப்புகள் அடங்கிய குறுந்தகடு கிடைக்கவே, அதனை அரசு இரகசியம் என மயங்கிப் பணம் பறிக்க முனைகிறாள். துணைநின்ற சாட் சுட்டுக் கொல்லப்படுகிறான். அவளை உள்ளன்போடு நேசித்த மேலாளர் டெட், அவள் பொருட்டுத் தகவல் தேடச் சென்று மாள்கிறார். முடிவில் அவள் சிகிச்சைக்கு உளவுத்துறையே பணம் தர இசைகிறது!

கதைமாந்தர் எவரும் முழு உண்மையை அறியார், நாம் அறிவோம். அவ்வறிவு தரும் உயர்வெண்ணமே நம் நகைப்பின் ஊற்று. நகைப்பது குற்றமன்று, பேதைமையைப் பேதைமை என்று காண்பதும் ஒருவகைத் தெளிவே. ஆயினும், டெட்டை மறந்து சிரித்தபடியே எழுந்து வருவோமாயின், நமக்கும் லிண்டாவுக்கும் வேறுபாடு யாது? அவளும் அருகிலிருந்தவரின் அன்பை உணராதவளே!

ஆகவே, சிரிக்கலாம்; மாண்டவர்க்காக ஒரு கணம் இரங்கவும் வேண்டும். அவ்விரக்கம் எழாவிடின், பிறர் பேதைமையைக் கண்ட நாம் நம்முடையதைக் காணவில்லை என்பதே பொருள்.