சவேரியாரிடம் ஜப்பானியர் கேட்ட கேள்வி

அர்ச். பிரான்சிஸ்கு சவேரியாரை நம்மவராகவே எண்ணிப் பழகிவிட்டோம். பாளையங்கோட்டை மேற்றிராசனக் கோவில் அவர் பேரால் நிற்கிறது. 1542ல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், மணப்பாட்டிலும், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலிலும் கால்நடையாய்த் திரிந்து ஞானோபதேசம் போதித்தார். அதே சவேரியார் 1549 ஆகஸ்டு 15ந் தேதி, தேவமாதா மோட்சத்துக்கு ஆரோபணமான திருநாளன்று, ஜப்பான் தேசத்துக் ககோஷிமாத் துறையில் கரையிறங்கினார். அங்கே அந்த ஜனங்கள் அவரிடம் கேட்ட ஒரு கேள்வி, இன்று நம் பங்கில் பல வீடுகளில் வாய்திறந்து கேட்கப்படாமலே கிடக்கிறது.

அக்கேள்வியின் பாரம் விளங்க வேண்டுமானால், ஜப்பானியர் தங்கள் இறந்தோரோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதைச் சற்று அறிய வேண்டும். நம்மைப் போலவே அவர்களும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். சாப்பிடுமுன் கைகுவித்து, பெற்றுக்கொள்கிறேன் என்ற பொருளில் தாழ்மையாய் ஒரு வார்த்தை சொல்லுவார்கள். பல வீடுகளில் மரத்தால் செய்த சிறு மாடம் ஒன்று உண்டு. அதற்குப் புத்ஸுதான் என்று பெயர். உள்ளே, மரித்தவர்களின் பெயர் பொறித்த பலகைகள் நிற்கும். காலையில் வடித்த சோற்றில் முதற்சோறும், சிறு கிண்ணத்தில் தேநீரோ தண்ணீரோ அங்கே வைக்கப்படும். ஊதுவத்தி கொளுத்தி, சிறு மணியொன்றைத் தட்டிவிட்டு வணங்குவார்கள். மகன் பரீட்சையில் தேறினாலும், மகளுக்குக் கலியாணம் நிச்சயமானாலும் அந்தச் செய்தி பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் அங்கே போய்ச் சொல்லப்படும். இரவும் பகலும் சமமாய் வரும் வசந்த கால, இலையுதிர் கால நாட்களில் குடும்பமாய்க் கல்லறைக்குப் போய், கல்லின்மேல் தண்ணீர் வார்த்துக் கழுவிப் பூ வைப்பது வழக்கம். ஓபோன் என்னும் பண்டிகை பெரும்பாலான இடங்களில் ஆகஸ்டு மாத நடுவிலும், சில இடங்களில் ஜூலையிலும் வரும். முன்னோர் வழி தெரிந்து வீடு வந்து சேர வாசலில் சிறு நெருப்பு மூட்டுவார்கள். பட்டணத்தில் பிழைப்பவர்கள் ஊர் திரும்புவதால், பொங்கலுக்கு நம் ரயில்கள் நெரிவது போல அங்கேயும் நெரியும். முடிவில் பல ஊர்களில் காகித விளக்குகளை ஆற்றில் மிதக்கவிட்டு அவர்களை வழியனுப்புவார்கள். இந்தக் காலத்தில் பட்டணத்துச் சிறு வீடுகளில் மாடம் குறைந்து வருகிறது. ஆனாலும் தனக்கு மதமே கிடையாது என்று சொல்லும் ஜப்பானியரும் ஓபோனுக்கு ஊருக்குப் போகத் தவறுவதில்லை.

நம் ஆற்றங்கரையாருக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. ஆடி அமாவாசையன்று பாபநாசத்திலும் குறுக்குத்துறையிலும் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தவர்கள்தாமே நாம்! இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவரில் தென்புலத்தாரைத்தான் வள்ளுவர் முதலில் வைக்கிறார்.

இப்படிப்பட்ட ஜனத்திடம் யாமகுச்சி என்னும் பட்டணத்தில் சவேரியார் வேதம் போதித்தபோது, அவர்கள் இரண்டு காரியம் கேட்டார்கள். உமது சர்வேசுரன் நல்லவரானால், இத்தனை காலம் தம்மை எங்களுக்குத் தெரிவிக்காதது ஏன் என்பது முதற்கேள்வி. இதற்கு அவர் அருமையாகப் பதில் சொன்னார். கொலை, களவு, பொய்ச்சாட்சி பாவமென்று எந்த நூலும் வருமுன்னே உங்களுக்குத் தெரியுமல்லவா? மனிதர் முகமே பாராமல் மலையில் வளர்ந்தவனும் அதை அறிவான். அதை உங்கள் இருதயத்தில் எழுதினவர் சிருஷ்டிகரே என்றார். ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது கேள்வி, எங்கள் தாய் தகப்பன், பாட்டன் பூட்டனின் கதி என்ன என்பது. நரகத்தில் சேர்ந்தவர்களுக்கு மீட்சியில்லை என்று சவேரியார் சொன்னார். ஜெபத்தாலும் தர்மத்தாலும் உதவ முடியாதா என்று கேட்டார்கள், முடியாது என்றார். புதுக் கிறிஸ்தவர்கள் அழுதார்கள். தாம் நேசித்த சிநேகிதர்கள் பரிகாரமற்ற காரியத்துக்காக அழுவதைக் கண்டு தம் மனமும் வருந்தியதை, 1552 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை.

நம் கரையில் இந்தக் கேள்வி எழாமலா இருந்திருக்கும்? எழுந்திருந்தாலும், அவர் மனப்பாடமாய்ச் சொன்ன தமிழ் அதற்குப் போதாது. விசுவாசப் பிரமாணத்தில் விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேண்டும்' என்ற சொல் புகுந்திருந்ததை 1544ல் கண்டுபிடித்து, திருத்தும்படி தம் துணைவர் மான்சிலாஸுக்கு எழுதினார். ஜப்பானிலோ சகோதரர் ஜுவான் பெர்னாண்டஸ் அந்தப் பாஷையைக் கற்று அவர் சார்பாகப் பேசினார். ஆகவே ஜனங்கள் எதிர்க்கேள்வி கேட்டார்கள்.

சவேரியார் சொன்னது அவர் காலத்துப் பாடம். ஆனால் அவருடைய முதற்பதிலிலேயே இரண்டாவதற்கும் வித்து இருந்ததென்பது என் எண்ணம். சர்வேசுரன் ஒருவனுடைய இருதயத்தில் எழுதினார் என்றால், அந்த எழுத்தின்படி நடந்தவனைக் கைவிடவா எழுதினார்? தன் குற்றமின்றி வேதத்தை அறியாமல், மனச்சாட்சியின்படி நேர்மையாய் நடந்தவர்கள் தேவ வரப்பிரசாதத்தால் நித்திய ஜீவனை அடையக்கூடும் என்று 9ம் பத்திநாதர் 1863ல் எழுதினார். ஞானோபதேசத்தில் நாம் படித்த ஆசை ஞானஸ்நானம், இன்னதென்று அறியாமலே சர்வேசுரனுடைய சித்தத்துக்கு இணங்கும் மனதிலும் இருக்கலாம் என்று 1949ல் ரோமை விளக்கியது. 1964ல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருச்சபையைப் பற்றிய தன் சாசனத்தில் இதை உறுதிப்படுத்தியது. எல்லா மதமும் ஒன்றுதான் என்று இதற்கு அர்த்தமில்லை. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை என்பது மட்டும் நிச்சயம்.

ஆனால் இழவு வீட்டில் சில சமயம் என்ன பேசுகிறோம்? மருமகளாய் வந்து ஞானஸ்நானம் பெற்றவளின் தாயார், ஞானஸ்நானம் பெறாமலே இறந்துபோகிறாள். பத்துமாதம் சுமந்து பெற்றவளுக்காக அவள் அழும்போது, 'அவர்கள் வேதத்தில் இல்லையே' என்று பெருமூச்சு விடுகிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. யாமகுச்சியில் அழுதவர்களின் கண்ணீர்தான் அந்தப் பெண்ணின் கண்ணீரும். அதற்கு மேலும் பாரம் ஏற்றுவது கிறிஸ்தவ தர்மமல்ல, மகா கொடுமை. அவள் தன் தாய்க்காக ஜெபிக்கலாம், தர்மம் செய்யலாம், பூசையும் வைக்கலாம். 1983ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம் 901ம் விதியின்படி, உயிரோடிருக்கும் எவருக்காகவும் மரித்த எவருக்காகவும் குருவானவர் பூசையை ஒப்புக்கொடுக்கலாம்.

அண்ணன் தம்பிமாரில் ஒருவர் வேதத்திலும் மற்றவர் வெளியிலுமாய் இருக்கும் குடும்பத்தில், தகப்பனாரின் திதிக்கு ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டால் போகலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. ஜப்பானிய ஆயர்கள் 1985ல் தங்கள் ஜனங்களுக்கென்று வெளியிட்ட வழிகாட்டி நூல், பௌத்த முறை அடக்கச் சடங்குக்குப் போய் ஊதுவத்தி கொளுத்தி மரியாதை செய்யவும், வீட்டில் முன்னோர் மாடத்தை வைத்திருக்கவும் இடங்கொடுக்கிறது. மாடத்தின்முன் ஜெபிக்கும்போது ஜெபம் சர்வேசுரனுக்கே செல்கிறது. இதை வைத்துப் பார்த்தால், சகோதரனோடு படித்துறை வரை போய் நின்று, தகப்பனாரை நினைத்து உள்ளத்தில் ஜெபிப்பதில் தவறு காணேன். எள்ளும் பிண்டமும் நம் கையால் விடுவது வேறு காரியம். அந்தச் சடங்கு சொல்லும் விசுவாசத்தை நாமும் அறிக்கையிடுவதாக அது ஆகும். திதியன்று ஏழைகளுக்குச் சோறிடும் செலவில் பாதியை ஏற்றுக்கொள்ளலாம், சகோதரன் சந்தோஷப்படுவான்.

நவம்பர் மாதப் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்கும்போது, இவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்று பக்கத்தில் குறிக்க வேண்டியதில்லை. பெயர் மட்டும் போதும்.