எவருடைய தியாகம்?

தன்னுடையதைப் பிறர் நலத்திற்காகத் தருவது தியாகம். ஒருவர் பிறருடையதை எடுத்து, ‘உலக நன்மைக்காக’ என்று அர்ப்பணித்தால் அது தியாகமாகுமா?

பசிபிக் பெருங்கடலிலுள்ள மார்ஷல் தீவுகளின் வரலாறு இக்கேள்வியை எழுப்புகிறது. 1946 பிப்ரவரியில் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர், மனிதகுலத்தின் நன்மைக்காகவும் போர்கள் ஒழியவும் தங்கள் தீவைத் தற்காலிகமாக விட்டுத்தருமாறு பிகினி மக்களிடம் கேட்டார். 167 பேர் தாய்மண்ணை விட்டுப் புறப்பட்டனர். 1958-க்குள் மார்ஷல் தீவுகளில் 67 அணு ஆயுதச் சோதனைகள் நடந்தன.

1954 மார்ச் 1 அன்று பிகினியில் வெடித்த ‘பிராவோ’ குண்டு, ஹிரோஷிமா குண்டைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு ஆற்றல் கொண்டது. கிழக்கேயிருந்த ரோங்கலாப் தீவில் வெண்ணிறச் சாம்பல் பொழிந்தது. விவரமறியாக் குழந்தைகள் அதில் விளையாடினர். வாந்தியும் தோல் புண்களும் முடி உதிர்தலும் தொடர்ந்தன. இரண்டு நாட்களுக்குப் பின்னரே மக்கள் அங்கிருந்து அழைத்துச் செல்லப்பட்டனர்.

துன்பம் அத்துடன் முடியவில்லை. கதிரியக்க அயோடினையும் உடல் சாதாரண அயோடினாகவே ஏற்று, கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியில் சேர்த்துக்கொள்கிறது. சுமார் பத்தாண்டுகளுக்குப் பின் தைராய்டுக் கட்டிகள் தோன்றின. அன்று சிறுவயதினராக இருந்தோருள் பெரும்பாலோர் அவற்றுக்கு ஆளாயினர். அன்று ஒரு வயதுக் குழந்தையாக இருந்த ஒருவர் 1972-இல் இரத்தப் புற்றுநோயால் மாண்டார். ஆபத்தில்லை என்ற உறுதியை நம்பி 1957-இல் ஊர் திரும்பிய ரோங்கலாப் மக்கள், 1985-இல் அச்சத்தால் தாமே தீவைத் துறந்தனர். பிகினிக்குத் திரும்பிய சில குடும்பங்களும் 1978-இல் மீண்டும் வெளியேற்றப்பட்டன. அம்மண்ணின் சீசியத்தைத் தென்னை உறிஞ்சியிருந்தது. உயிர் வளர்க்கும் இளநீரே நஞ்சைச் சுமந்தது.

‘பிகினி மக்கள் இசைந்துதானே சென்றார்கள்?’ எனச் சிலர் கேட்கலாம். விளைவை அறியாமல், வல்லரசின் முன் நின்று தலையசைப்பது இசைவாகாது. ரோங்கலாப் மக்களிடமோ எவரும் கேட்கவே இல்லை. ‘பலர் நலத்திற்காகச் சிலர் துன்புறுவதில் தவறென்ன?’ என்ற வாதமும் உண்டு. அந்தச் சிலருள் தானும் ஒருவனாகத் துணிபவனுக்கே அதைச் சொல்லும் தகுதி உண்டு. தொலைவிலிருந்து பிறர் குழந்தைகளைக் கணக்கில் வைப்பவன் தியாகத்தின் பெயரால் பறிக்கிறான்.

வல்லரசுகளுக்கு மட்டுமன்று, குடும்பத்திற்கும் ஊருக்கும் இது பொருந்தும். ‘எல்லோர் நன்மைக்காக’ என்ற சொல் எழும்போதெல்லாம், அதன் விலையைச் செலுத்துபவர் யார், அவர் அறிந்து இசைந்தாரா என்று வினவுதல் வேண்டும். அறம் அவ்வினாவில் தொடங்குகிறது.