சமாளிப்பது நற்குணமா?



வீட்டு முற்றத்தில் சாக்கை விரித்து, பழைய இஞ்சினைக் கழற்றிப் பூட்டும் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்னும் ஊரில் வார்க்கப்பட்ட பழைய லிஸ்டர் டீசல் இஞ்சினாக அது இருக்கலாம். பிஸ்டன் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து வந்திருக்கும். பெயரிங் வேறொரு இஞ்சினிலிருந்து கழற்றியதாயிருக்கும். மாதக் கணக்கில் பாடுபட்டு, ஒருநாள் கைபிடியைச் சுழற்றியதும் அது 'டுக், டுக்' என்று உயிர்பெறும்போது, அயலவரும் கூடிநின்று மகிழ்வர்.

இது நல்ல உழைப்பு. எறியப்பட்டதற்கும் பயனுண்டு என்று காட்டும் உழைப்பு. 1990ஆம் ஆண்டுக்குப் பின், பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தவர் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களைச் சிறிதளவு பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இஞ்சின் கெடும் என்று அறிந்தே ஓட்டினார்கள். நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேறு வழி ஏது? நம்மவரின் சமாளிக்கும் திறனைப் புகழாதவர் யார்?

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. சமாளிப்பது எப்போதுமே நற்குணந்தானா?

பழைய வார்ப்பிரும்பைச் சோதிக்க எளிய முறையொன்று உண்டு. அதன்மேல் மண்ணெண்ணெயைப் பூசிச் சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டித் தூளைத் தடவ வேண்டும். வெடிப்பிருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளையின்மேல் மயிரிழைபோல் கறுத்த கோடொன்று தெரியும். இஞ்சினின் கனத்த இரும்புச் சில்லிலே அந்தக் கோடு தெரிந்தால், மாதக் கணக்கான உழைப்பு வீணாகிறது. சில்லு வேகமாய்ச் சுழலும்போது பிளந்தால், அதன் துண்டுகள் அருகில் நிற்பவரின் உயிரைக் குடிக்கும்.

இரவு வேளை. கோட்டைக் கண்டவர் அவர் ஒருவரே. பக்கத்திலே பச்சைப் பெயின்ற் ரின் இருக்கிறது. ஒருமுறை பூசிவிட்டால் எவருக்கும் தெரியாது. நாளைக்கு அந்த இஞ்சினை வாங்க ஒருவர் பணத்தோடு வரவிருக்கிறார்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? 'என் பிள்ளையை இதனருகில் நிற்க விடுவேனா என்று கேட்டுப்பார். விடை கிடைக்கும்' என்பர் பெரியோர். நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். குறிஞ்சாக்கேணி அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அங்குள்ளோர் களப்பைப் படகுப் பாதையிலேயே கடந்தனர் என்பது பலருக்கு நினைவிருக்கும். அதே கிண்ணியாப் பகுதியின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலத்துக்கான வேலை நடந்துகொண்டிருந்தபோது, மக்கள் மீண்டும் இழுவைப் படகை நம்ப வேண்டியதாயிற்று. 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை அது கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர் உட்படப் பலர் மாண்டனர்.

அந்தப் பெற்றோர் தம் பிள்ளைகளை அதில் ஏற்றத்தானே செய்தார்கள்! அன்பு குறைந்தா ஏற்றினார்கள்? இல்லை. அக்கரையில் பள்ளிக்கூடம் இருந்தது. நடுவில் தண்ணீர் இருந்தது. எனவே, 'என் பிள்ளையை ஏற்றுவேனா?' என்ற கேள்வி போதாது. 'வேறு வழி இருந்தால் ஏற்றுவேனா?' என்பதே சரியான கேள்வி. வழியற்றவர் ஏறிவிட்டார் என்பதனால், அது ஏறத்தக்கது என்று ஆகிவிடாது.

தன் தலைக்கு வரும் ஆபத்தைத் தானே அறிந்து ஏற்பவன் சமாளித்தால், அது துணிவு. மறுக்க முடியாதவன்மேல் அதைச் சுமத்திவிட்டு, 'ஏழைகள் எப்படியும் சமாளித்துக்கொள்வார்கள்' என்று நாம் மெச்சினால், அது நம் கடமையைத் தட்டிக்கழிப்பதே. அத்தகைய புகழ்ச்சியும் வெடிப்பின்மேல் பூசிய பெயின்ற் போன்றதுதான்.

ஆகவே, முற்றத்தில் இஞ்சின் பூட்டும் நண்பரே, பூட்டுங்கள். கோடு தெரிந்தால் அந்தச் சில்லை மீண்டும் பழைய இரும்போடு போட்டுவிடுங்கள். பூட்டத் தெரியாத நாமோ, நம் ஊரில் யார் யார் எதை எதைச் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று விசாரித்துப் பார்ப்போம். அவர்களுக்கு நாம் தரவேண்டியது பாராட்டு அல்ல; பாலம்.