பள்ளித் தோட்டமும் கொல்லாமை அறமும்

பள்ளிகளில் மாணவர்களைக் கொண்டே காய்கறித் தோட்டம் அமைக்கும் பணி இன்று பல ஊர்களில் நடைபெற்று வருகிறது. நடுவண் அரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் 2019ஆம் ஆண்டில் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. நிலம் இல்லாத பள்ளிகள் மாடியிலும் தொட்டிகளிலும் பயிரிடலாம் என்றும், விளைந்தவற்றை மதிய உணவில் சேர்க்கலாம் என்றும் அவை கூறுகின்றன. பலரும் வரவேற்கும் இச்செயலைக் குறித்து நம் சமணக் குடும்பங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. "எறும்பைக் கண்டால் ஒதுங்கி நட என்று சொல்லி வளர்த்த பிள்ளையின் கையில் நாமே மண்வெட்டியைக் கொடுக்கலாமா? மண்ணைக் கொத்தினால் மண்புழு மடியாதா?" என்று தாய்மார்கள் கேட்பர். இவ்வினா நகைத்துத் தள்ளிவிடத் தக்கதன்று. நம் அறத்தின் வேரைத் தொடுவது.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. கற்பக மரங்கள் வளம் குன்றிய காலத்தில் மக்கள் பசியால் வருந்தியபோது, ஆதிபகவனாகிய விருஷப தேவர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என்பது நம் புராண வரலாறு. அவற்றுள் கிருஷியும் ஒன்று. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் வாழும் நம்மவருட் பலர் வழிவழியாக உழவர்களே. ஆகவே தோட்டமிடுவதில் தவறில்லை எனச் சொல்லி முடித்துவிடலாம். ஆயினும், உழவு அனுமதிக்கப்பட்டது என்பதனாலேயே உழவில் ஹிம்சை இல்லை என்று ஆகிவிடாது. பிள்ளைகளுக்கு அரைகுறை விடை கூறுவது ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் அழகன்று.

ஹிம்சையை நம் ஆன்றோர் நான்காகப் பகுத்தனர். கொல்லும் எண்ணத்துடன் செய்வது சங்கல்ப ஹிம்சை. சமைத்தல், துலக்குதல் போன்ற இல்லறச் செயல்களில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. பிழைப்புத் தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தற்காப்பில் நேர்வது விரோத ஹிம்சை. துறவிகள் இந்நான்கையும் விடுவர். இல்லறத்தார் முதலாவதை முற்றிலும் விட்டு, ஏனைய மூன்றையும் இயன்ற அளவு குறைத்துக்கொள்ள வேண்டும்.

பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த சோமதேவ சூரி, தம் யசஸ்திலகத்தில் மீனவனையும் உழவனையும் ஒப்பிட்டு இக்கருத்தை விளக்குகிறார். மீன் ஒன்றும் அகப்படாத நாளிலும் மீனவனின் எண்ணம் கொலையில் நிற்கிறது. உயிர்கள் மடிகின்றபோதும் உழவனின் எண்ணம் பயிரில் நிற்கிறது. வினை எண்ணத்தைப் பற்றியே அமைகிறது என்பது அவர் கருத்து. இஃது உழவர்க்கு ஆறுதல் தரும் மொழியே. ஆனால் அதனுள் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. பயிரைக் காக்கிறேன் என்று கூறிப் புழுவைக் கொல்வதற்கென்றே நஞ்சைத் தெளிப்பவன், அந்த நொடியில் உழவனின் இடத்தை விட்டு மீனவனின் இடத்திற்குச் சென்றுவிடுகிறான். கொத்தும்போது தவறி மடியும் உயிர் வேறு. மடியவேண்டும் என்றே மருந்தடிக்கப்படும் உயிர் வேறு. நஞ்சு புழுவோடு நிற்பதுமில்லை. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் வான்வழியே தெளிக்கப்பட்ட எண்டோசல்ஃபான் எத்தனை இல்லங்களைத் துயரில் ஆழ்த்தியது என்பதை நாடறியும். உச்ச நீதிமன்றம் 2011இல் அதனைத் தடை செய்தது.

"அவ்வாறாயின் தோட்டமே வேண்டா; கடையில் வாங்கிக்கொள்வோம்" என்று சிலர் கூறலாம். இங்குதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றின் வழியாகவும் வினை வந்து சேரும் என்பது நம் சமயத்தின் தெளிவான போதனை. கடைத்தெருவில் பளபளக்கும் கத்தரிக்காயில் புழு இல்லாமைக்குக் காரணம் பெரும்பாலும் நஞ்சே. அதனை விலை கொடுத்து வாங்கும் நம் கையில் மண் ஒட்டவில்லை, அவ்வளவே. காணாத ஹிம்சை நடவாத ஹிம்சை ஆகிவிடாது. தன் தட்டில் உள்ள கீரை எப்படி விளைந்தது என்று அறியாத பிள்ளை தூய பிள்ளை என்று நான் கருதவில்லை. அறியாத பிள்ளை என்றே கருதுகிறேன். அறியாமையின்மேல் அஹிம்சையைக் கட்ட இயலாது. ஹிம்சைக்கு இலக்கணம் கூறும் தத்துவார்த்த சூத்திரமும் கவனமின்மையையே அதன் மூலமாக வைக்கிறது. ஆதலின், கவனத்தைப் பயிற்றும் இடம் எதுவோ அதுவே அஹிம்சையைப் பயிற்றும் இடம். பள்ளித் தோட்டம் அத்தகைய இடமாகலாம். அமைக்கும் முறையில் அமைத்தால்.

அம்முறையைச் சிறிது கூறுவேன். 38 ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்தவள் என்பதால் இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. பள்ளி வளாகத்துச் சருகுகளைக் கூட்டித் தீயிடுவது பலவிடத்தும் வழக்கம். அத்தீயில் எண்ணற்ற சிற்றுயிர்கள் வேகின்றன. அதே சருகைப் பாத்தியின்மேல் மூடாக்காகப் பரப்பினால் ஈரம் காக்கும், களை குறையும், மண்ணை அடிக்கடி கொத்தவேண்டிய தேவையும் குறையும். விதைக்கும் இடத்தில் மட்டும் களைக்கொத்தியால் சிறு குழி எடுத்தால் போதும். மண்ணைப் பதப்படுத்தும் வேலையை மண்புழுவே செய்யும். அதன் அருந்தொண்டை ஆராய்ந்து சார்லஸ் டார்வின் 1881இல் ஒரு நூலே எழுதினார்.

மாணவர் கைகழுவும் நீரைப் பாத்திக்குத் திருப்பலாம்; ஆனால் தேங்க விடலாகாது. தேங்கினால் கொசு பெருகும்; பின் அதனைக் கொல்ல நேரும். பெருகவிட்டுக் கொல்வதினும் பெருகாமற் காப்பது மேல். கீரைப் பாத்திகளை வலையால் மூடினால் அந்துப்பூச்சி முட்டையிடாது. காய்க்கும் செடிகளுக்குப் பூக்கும் பருவத்தில் தேனீ வரவேண்டுமாதலால் வலையை நீக்கிவிட வேண்டும். ஒரு வரிசைச் செடிகளைப் புழுக்களுக்கென்றே ஒதுக்கி, பிற செடிகளில் காண்பவற்றை அங்குக் கொண்டு விடலாம். ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடித்துத் தெளிக்கும் முறை உண்டு. இதுவும் தீங்கற்றதன்று, புழு இலையை வெறுக்கச் செய்வதோடு, உண்ட புழுவின் வளர்ச்சியையும் அது தடுக்கிறது. ஆகவே அதனைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும். இந்த உண்மையையும் பிள்ளைகளிடம் மறைக்கலாகாது.

அறுவடைக்கு நாவல் மரக் கதையே நல்ல பாடம். லேசியை ஆறினை விளக்க நம் பெரியோர் கூறிய கதை அது. பசித்த அறுவருள் ஒருவன் மரத்தை வேரோடு வெட்ட நினைக்கிறான். ஒருவன் பெருங்கிளையை, ஒருவன் சிறுகிளையை, ஒருவன் கொத்தை, ஒருவன் கனியை மட்டும் பறிக்க எண்ணுகிறான். கடைசியானவன் தரையில் உதிர்ந்த கனிகளே போதும் என்கிறான். தண்டுக்கீரையை வேரோடு பிடுங்காமல் நுனி கிள்ளி எடுக்கும் சிறுமி இக்கதையைக் கையால் கற்கிறாள். கிழங்கு வகைகளை விடுத்து அவரை, வெண்டை, பீர்க்கு, புடலை, முருங்கை, கீரை என்று பயிரிட்டால் நம் பிள்ளைகளும் தயக்கமின்றி உண்ணலாம்.

ஒன்றை மட்டும் மிக வற்புறுத்த விரும்புகிறேன். ஜூனில் ஆர்வத்தோடு தொடங்கும் தோட்டங்கள் பல கோடை விடுமுறையில் நீரின்றிக் கருகுகின்றன. செடியை நம்பி அங்குக் குடியேறிய உயிர்களும் அதனோடு அழிகின்றன. காக்க இயலாத உயிரைத் தோற்றுவிப்பதும் கவனமின்மையே. மார்ச் மாதத்திற்குள் முடியும் பயிர்களைத் தேர்ந்து, விதைகளைச் சேமித்து, பாத்தியை மூடாக்கிட்டு ஓய்வு கொடுக்க வேண்டும். முருங்கை போன்றவற்றுக்குக் கோடையில் முறைவைத்து நீர் ஊற்ற அருகில் உள்ள குடும்பங்கள் பொறுப்பேற்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையெனில், இரண்டு தொட்டிகளோடு தொடங்குவதே அறம். நீடித்த வேளாண்மை என்று இன்று சொல்லப்படுவதை மிகு பொருள் விரும்பாமை என்று நாம் முன்பே அறிவோம்.

இத்தனை கவனத்திற்குப் பின்னும் ஒருநாள் களைக்கொத்தியில் ஒரு மண்புழு துண்டாகும். பிள்ளை அதைக் கண்டு கலங்கி நிற்பான். "பரவாயில்லை" என்று அவனை விரட்டுவதும் பிழை. "பாவம் செய்தாய்" என்று அச்சுறுத்துவதும் பிழை. நிகழ்ந்ததை எண்ணி வருந்தி, இனி மெல்லக் கொத்துவேன் என உறுதி கொள்ளச் செய்க. அதுவே பிரதிக்கிரமணத்தின் முதற் படி. வருந்தத் தெரிந்த அந்த உள்ளத்தை எந்தப் பாடநூலும் தராது.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கையில் மண்ணோடு வீடு திரும்பினால் கடிந்துகொள்ளாதீர்கள். இன்று தோட்டத்தில் எந்த உயிரைக் கண்டாய், அதனை எவ்வாறு காத்தாய் என்று கேளுங்கள். அவன் விடை சொல்லக் கற்றுக்கொண்டால், அப்பாத்தியில் விளைந்தது காய்கறி மட்டுமன்று என்பதை நீங்களே உணர்வீர்கள்.

பல்லுயிரும் இன்புற்று வாழ்க!