பெருமாளுக்குப் பால் ஆற்றிய அம்மாள்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



உதகை, குன்னூர், கோத்தகிரி முதலிய ஊர்களிலிருந்தும், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக உத்ஸவ ஸேவைக்கு வந்திருக்கிறீர்கள். இடுப்பில் குழந்தையும் கையில் பிளாஸ்குமாகப் பனியில் வரிசையில் நிற்கும் தாய்மார்களை ஆண்டுதோறும் அடியேன் காண்கிறேன். சந்நிதிக்கு வந்ததும் அவர்களில் பலர் கேட்பது செல்வமன்று, பதவியுமன்று. "ஸ்வாமி, தாய்ப்பாலை மறக்கவைத்த பிறகு இந்தப் பிள்ளை பசும்பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பெருமாள் தீர்த்தம் கொடுங்கள்" என்றே கேட்கிறார்கள். இது அற்ப விஷயம் என்று ஒருவரும் எண்ணவேண்டாம். பெற்றவளுக்கு இதைவிடப் பெரிய கவலை இல்லை. நம் ஆசார்ய பரம்பரையில் ஒரு மஹான் தமக்குரிய திருநாமத்தைப் பெற்றதே ஒரு வட்டில் பாலால்தான். அந்தக் கதையையும், அடியேன் அதை மிகத் தாமதமாகப் புரிந்துகொண்ட கதையையும் இங்கே விண்ணப்பிக்கிறேன்.

பாலின் பெருமையை இந்த மலைக்கு எவரும் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. இங்குள்ள தொதவர்களுக்குக் கோயில் என்பதே பால் கறந்து வைத்துக் கடையும் இடம். எருமைப் பாலைக் கையாளுகிறவரே அங்கே பூஜகர், கடைவதே வழிபாடு. மலையடிவாரத்துக் காரமடையிலோ, காரைப் புதரின்மேல் ஒரு பசு தானாகவே பாலைச் சொரிந்து நின்றது கண்டு அரங்கநாதன் அங்கே எழுந்தருளியிருப்பதை உலகம் அறிந்தது என்பது தலவரலாறு. ஒருவரும் ஏவாமல், ஒருவரும் வற்புறுத்தாமல், பசு தன் அன்பினால் சொரிந்தது. எம்பெருமான் உவந்து ஏற்றான். தருகிறவளிடம் அன்பும் ஏற்கிறவனிடம் உவப்பும் ஒன்றுசேரும் இடத்தில்தான் பால் அமுதமாகிறது. இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பாலே.

திருப்பாற்கடலில் பள்ளிகொண்டவன் ஆய்ப்பாடியில் பிள்ளையாக வந்தான். பாலுக்கு நடுவிலேயே கிடப்பவன் பாலைக் குடிக்க அடம்பிடிக்கலாமோ? பிடித்தான் என்றே பெரியோர்கள் அநுபவிக்கிறார்கள். பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே பாவித்து, பொழுது ஏறியும் அம்மம் உண்ணாமல் உறங்கும் கண்ணனை எழுப்பிக் கெஞ்சி அழைப்பதற்கென்று ஒரு பதிகமே அருளினார். லீலாசுகர் ஸ்ரீக்ருஷ்ணகர்ணாம்ருதத்தில் இன்னும் அழகான காட்சி ஒன்றைக் காட்டுகிறார். பலராமன் யமுனை மணலில் விளையாடப் போயிருக்கிறான். அவன் திரும்புவதற்குள் கிண்ணத்துப் பாலைக் குடித்துவிடு, உன் குடுமி நன்றாக வளரும் என்று யசோதை ஆசை காட்டுகிறாள். அதை நம்பிய ஹரி, பாதி குடித்துவிட்டுக் குடுமியைத் தொட்டுப் பார்த்து மகிழ்கிறான். பாதிதான் குடித்தான் என்பதைக் கவனிக்கவேண்டும். மீதியை யசோதை வாயில் ஊற்றினாள் என்று லீலாசுகர் சொல்லவில்லை. அந்தப் பாதி வட்டில் மகிழ்ச்சியோடு ச்லோகத்தை முடித்துவிடுகிறார்.

இந்த ச்லோகத்தை அடியேன் பாடசாலையில் படித்தேன். பின்னர் எத்தனையோ உபந்யாஸங்களில் ரஸமாகச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அது வாயோடு நின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழியில் அடியேனுடைய பெண் தன் குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். பேரனுக்கு அப்போது ஒன்றரை வயது. தாய்ப்பாலை விட்டவன், பசும்பாலை நாக்கில் பட்டவுடன் துப்பினான். இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், "பால் குடிக்காத குழந்தையும் உண்டோ? நான் புகட்டுகிறேன், பார்" என்று மடியில் கிடத்திக் கையைப் பிடித்துக்கொண்டு சங்கால் ஊற்றினேன். புரை ஏறியது. குழந்தை மூச்சுத் திணறி முகம் சிவந்து, குடித்ததையெல்லாம் கக்கிவிட்டது. பகவத் க்ருபையால் விபரீதம் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அதன்பின் சங்கைக் கண்டால் அழுதான். டம்ளரைக் கண்டால் அழுதான். அடியேனைக் கண்டாலும் அழுதான்.

அன்றிரவு பெண் கோபிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "அப்பா, பெருமாளுக்கு இரவில் பால் கண்டருளப் பண்ணுகிறீர்களே, அதன் சூட்டைத் தொட்டுப் பார்ப்பதுண்டா?"

அடியேனிடம் பதில் இல்லை. மறுநாள் இரவு திருமடைப்பள்ளியிலிருந்து பாலை எடுத்துக்கொண்டு பிராகாரத்தைக் கடந்து, திரையிட்டு, மந்த்ரம் சொல்லி, ஸமர்ப்பிக்கும் தறுவாயில் வட்டிலின் புறத்தைத் தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது. மேலே ஆடை படிந்திருந்தது. இத்தனை வருஷங்களாக இந்தக் குளிரில் இந்தப் பாலையா அவனுக்குக் கொடுத்துவந்தோம் என்று நெஞ்சு பதறியது. அர்ச்சாவதாரத்தில் அவன் வாய் திறந்து பேசுவதில்லை என்று ஸங்கல்பித்திருக்கிறான். பேரன் பேசத் தெரியாதவன். பேசாத இருவருக்கும் ஊட்டும் கை ஒரே கைதான். அந்தக் கைக்கு அன்றுவரை கண் இல்லை.

அப்போதுதான் நடாதூர் அம்மாளுடைய சரித்திரம் உள்ளே தைத்தது.

எம்பெருமானாரின் மருமகனான நடாதூர் ஆழ்வானின் பேரர் வாத்ஸ்ய வரதகுரு. காஞ்சீபுரத்தில் 13ஆம் நூற்றாண்டில் ஸ்ரீபாஷ்யத்தைக் காலக்ஷேபம் ஸாதித்த மஹான். ஒரு நாள் பேரருளாளனுக்கு இரவில் பாலைக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து வைத்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த வரதகுருவுக்குத் தரிக்கவில்லை. திருநாக்கு வெந்துவிடாதோ என்று நடுங்கி, பாலை வாங்கித் தாமே ஆற்றி, குழந்தைக்குத் தாய் பார்ப்பதுபோல் பதம் பார்த்துக் கொடுத்தார். அந்தப் பரிவில் உகந்த பேரருளாளன் "நீர் நமக்கு அம்மாளோ!" என்று அருளினான் என்பது பெரியோர் வாக்கு. மஹா பண்டிதர் அன்று முதல் அம்மாளானார். அவருடைய வித்வத்துக்கு ஆயிரம் பட்டங்கள் தகும். ஆயினும் பகவான் கொடுத்தது சூடு பார்த்த கைக்குரிய பட்டம்.

பிறருடைய நாக்கில் படப்போகும் சூட்டைத் தம் நெஞ்சில் உணரும் இந்தப் பக்குவம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவர் எங்களாழ்வானிடம் பாடம் கேட்கச் சென்ற ஸமயம் கதவைத் தட்டினார். யார் என்று உள்ளிருந்து கேட்டபோது "நான்" என்றார். அந்த நான் செத்த பிறகு வரலாம் என்று உள்ளிருந்து பதில் வந்தது. வரதகுரு திரும்பிப் போய், பெரியவர்களிடம் அதன் பொருளைக் கேட்டறிந்து, மறுபடி வந்து "அடியேன்" என்றார். கதவு திறந்தது. நான் என்பது இருக்கும்வரை பிறருடைய பசியும் தெரியாது, பிறருடைய நாவும் தெரியாது. "நான் புகட்டுகிறேன், பார்" என்றேனே, அதில் குழந்தை எங்கே இருந்தது? நான் மட்டுமே இருந்தேன். புரை ஏறியது பேரனுக்கு; ஏற்றியது அந்த நான்.

சிஷ்யர்களுக்கும் அவர் அம்மாளாகவே இருந்தார். காலக்ஷேபத்தில் மந்தபுத்திபோல் தோன்றிய ஒரு சிஷ்யர் உண்டு. அவர் வரும்வரை அம்மாள் பாடத்தைத் தொடங்காமல் காத்திருப்பார். இவருக்காக நாம் ஏன் காத்திருக்கவேண்டும் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருநாள் அம்மாள் முன்பு சொன்னதைத் திருப்பிச் சொல்லும்படி நியமிக்க, அவர் ஒரு சொல் குறையாமல் விண்ணப்பித்தார். அவரே சுதர்சன சூரி. அம்மாளிடம் கேட்டதையே ச்ருதப்ரகாசிகை என்னும் வ்யாக்யானமாக உலகுக்கு வழங்கியவர். மெதுவாகப் பருகும் குழந்தைக்காகக் காத்திருந்த தாய்க்குக் கிடைத்த பலன் அது.

தாய்மார்களே! இனி நடைமுறையைச் சொல்கிறேன். சாஸ்த்ரமும் அநுபவமும் இன்றைய வைத்தியர்கள் கூறுவதும் இவ்விஷயத்தில் ஒரே முகமாக இருக்கின்றன.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பசும்பாலை முக்கிய பானமாகக் கொடுப்பது ஒரு வயது நிறைந்த பிறகே. கொடுக்கும்போதும் நாளொன்றுக்கு அரை லிட்டரைத் தாண்டவேண்டாம். பசும்பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு. பாலாலேயே வயிறு நிறைந்தால் சோறும் கீரையும் பருப்பும் இறங்காது. குழந்தை வெளுத்துச் சோகைக்கு ஆளாகும். ஆகவே குறைவாகக் குடிக்கிறதே என்று அஞ்சுவதைவிட, பால் ஒன்றையே குடிக்கிறதே என்று அஞ்சுவதே சரி.

நம் மலையின் இயல்பையும் நினைவில் கொள்ளவேண்டும். உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். ஆகையால் பால் பொங்கியவுடன் இறக்கிவிடாமல், கிளறிக்கொண்டே சற்று நேரம் காய்ச்சுவது நல்லது. அடுப்பை விட்டிறங்கிய பாலோ, குழந்தையின் வாய்க்குப் போவதற்குள் ஆறி ஆடை கட்டிவிடுகிறது. அந்த ஆடை நாக்கில் பட்டே பல குழந்தைகள் பாலை வெறுக்கின்றன. வடிகட்டி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, தாயின் உடம்புச் சூட்டளவில் கொடுக்கவேண்டும். குழந்தை அதுவரை அறிந்திருந்த பாலின் சூடு அதுவே அல்லவா? தாய்ப்பாலைக் கறந்து வைக்க முடிந்தவர்கள், அதோடு சிறிது பசும்பாலைக் கலந்து, நாளுக்கு நாள் பசும்பாலின் பங்கைக் கூட்டிவரலாம்.

புதிய சுவையைக் குழந்தை முதல் நாளிலேயே ஏற்பதில்லை. பத்து முறை, பதினைந்து முறை நாவில் பட்ட பிறகே ஏற்கும் குழந்தைகளும் உண்டு. ஒரே வேளையில், ஒரே கிண்ணத்தில், இரண்டு வாய் அளவே வைத்து, வேண்டாமென்றால் சிரித்த முகத்தோடு எடுத்துவிடவேண்டும். படுக்கவைத்துப் புகட்டுவதும், மூக்கைப் பிடிப்பதும், அழும்போது ஊற்றுவதும் கூடவே கூடாது. சர்க்கரையைக் கொட்டிப் பழக்கினால் குழந்தை சர்க்கரையைத்தான் கேட்கும், பாலை அன்று.

தேயிலைத் தோட்டத்துத் தாய்மார்களுக்குத் தனியே ஒரு விண்ணப்பம். விடியலில் கொழுந்து பறிக்கப் புறப்படும் அவசரத்தில், பாலில் தேயிலைச் சாயத்தைக் கலந்து குழந்தைக்கும் ஒரு மடக்குக் கொடுக்கிறோம். குழந்தையும் ஆவலோடு குடிக்கிறது. இது வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் தேயிலை தடுக்கும். நமக்குச் சோறு போடும் செடிதான். ஆனாலும் குழந்தையின் கிண்ணத்துக்கு அது உரியதன்று. பால் அறவே இறங்காத குழந்தைக்குத் தயிர் கொடுங்கள், தயிர்சாதம் பிசைந்து கொடுங்கள், கேழ்வரகுக் கஞ்சியில் பாலைச் சேர்த்துக் காய்ச்சுங்கள். பால் பட்டவுடன் உடம்பில் தடிப்போ, வாந்தியோ, மலத்தில் ரத்தமோ கண்டால் அது அடமன்று, நோய். தீர்த்தத்துக்கு முன் டாக்டரிடம் செல்லுங்கள். பெருமாள் கோபிக்கமாட்டார்.

வேண்டாம் என்றவனுக்கு ஊட்டும் முறையைப் பகவானே குருக்ஷேத்திரத்தில் காட்டினான். உபநிஷத்துக்கள் பசுக்கள், கண்ணன் கறப்பவன், அர்ஜுனன் கன்று, கீதையே பால் என்பது பெரியோர் அநுபவம். அந்தக் கன்றோ முதலில் வில்லைக் கீழே போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணன் பதினெட்டு அத்தியாயங்கள் பொறுத்தான். ஒன்றையே வெவ்வேறு பதத்தில் ஆற்றி ஆற்றிக் கொடுத்தான். கடைசியிலும், இதை நன்றாக ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்றானேயன்றி வாயில் ஊற்றவில்லை. வாத்ஸல்யம் என்ற சொல்லே வத்ஸம், அதாவது கன்று என்பதிலிருந்து பிறந்தது. பசு கன்றை நக்கிக் கொடுக்கும், முட்டினாலும் பொறுக்கும், வாயைத் திறந்து புகட்டாது.

பேரன் கதையை முடித்துவிடுகிறேன். சங்கை எடுத்து வைத்துவிட்டோம். இரவு ஏகாந்தத்துக்குப் பிறகு, இதமான சூட்டில் பெருமாள் அமுது செய்த பாலைக் கொஞ்சம் வீட்டுக்குக் கொண்டுவருவேன். அவனெதிரில் உட்கார்ந்து அடியேன் பருகுவேன்; அவனுக்கு ஒரு சின்ன வட்டிலில் இரண்டு வாய் வைப்பேன்; ஒன்றும் சொல்லமாட்டேன். பத்து நாளுக்கு மேல் சென்று, ஒருநாள் தானே கையை நீட்டினான். இன்றும் பாதிதான் குடிக்கிறான். மீதியைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. சந்நிதியிலும் இப்போது திருமடைப்பள்ளியிலிருந்து பால் வட்டிலைத் துணி சுற்றி மூடியே எடுத்து வருகிறோம். திரைக்குள் அதன் புறத்தைத் தொட்டுப் பார்க்காமல் அடியேன் ஸமர்ப்பிப்பதில்லை.

பிள்ளைகளுக்கு ஊட்டும் உங்கள் கைகளில் நடாதூர் அம்மாளின் பரிவு குடிகொள்ளட்டும். இம்மலையில் வாழும் குழந்தைகள் யாவரும் நோயின்றி வளர்ந்து, அடுத்த உத்ஸவத்துக்குத் தம் காலாலேயே படியேறி வந்து ஸேவிக்கும்படி, பாற்கடல் பள்ளிகொண்டவன் கடாக்ஷித்தருள வேண்டுமென்று ப்ரார்த்தித்து அமைகிறேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்

சுபம்