கொடுத்தவன் கடமை

செயற்கை அறிவு முகவர்களுக்குப் புதுத் தொழில் பழக்கும் ‘திறன்’களை இன்று எவரும் எழுதி வெளியிடலாம். அவற்றிற் பெரும்பகுதி சாதாரண உரைநடையே. ஆயின், அவ்வுரையைப் படிப்பது மனிதனன்று. படித்தபடியே செய்துமுடிக்கும் பொறி. அதனை ஏவியவனுடைய கடிதங்களும் கடவுச்சொற்களும் அதன் கைக்கெட்டுந் தூரத்தில் உள்ளன.

இலவசமாகக் கொடுத்தவனுக்குப் பொறுப்பும் உண்டோ எனக் கேட்பார் உளர். வாரந்தோறும் ஏறத்தாழ 20 இலட்சம் தடவை இறக்கப்பட்ட ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்னும் நிரற்கூறினை, அதன் ஆசிரியர் 2018இல் உதவ முன்வந்த அந்நியரொருவரிடம் ஒப்படைத்தார். வந்தவர் புதிய துணைக்கூறொன்றைச் சேர்த்தார். அதனுள்ளே பிற்கொயின் திருடும் நிரல் மறைந்திருந்தது. ஆசிரியரைக் குற்றவாளி என்றல் எளிது. நான் அவ்வாறு கூறேன். அவர் உழைப்பைக் கூலியின்றித் துய்த்த கம்பனிகளின் பங்கு யாது?

ஆயினும், திறனை வெளியிடுவோன் தட்டிக்கழிக்கவியலாதன சில உள. அது எக்கோப்பைத் தொடும், எங்கே செய்தி அனுப்பும் என்பதை முன்னரே உரைத்தல் வேண்டும். தேவைக்கு மேல் அனுமதி கேட்டலாகாது. கைமாறும்போது, பயன்படுத்துவோர்க்கு அதனை அறிவித்தல் வேண்டும். (இதனைத்தான் எல்லோரும் மறக்கின்றனர்.) எல்லாவற்றினும் இடர் மிக்கது, ஓடும்வேளையில் வெளியேயிருந்து கட்டளை பெற்றுவரும் திறன். இன்று சோதித்துத் தூயதெனக் கண்டோம். நாளை அவ்வெளியிடத்து எழுத்தை வேறொருவன் மாற்றிவிடின், நம் சோதனை எதற்குச் சான்று?