கண்ணாடி பீரோவில் ஒரு மோட்டார்

திருவண்ணாமலையில் நான் தங்கியிருந்த லாட்ஜில் விடியற்காலையில் தண்ணீர் மோட்டார் புகைந்துவிட்டது. குளிக்காமல் அண்ணாமலையாரைப் பார்ப்பதா என்று தயங்கிய நான், மேனேஜரோடு சேர்ந்து ரீவைண்டிங் கடைக்குக் கிளம்பிவிட்டேன். தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில், கதவு திறந்தாலே வார்னிஷ் நெடி அடிக்கிற பத்தடிக் கடை.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். எட்டாவது வரைதான் படிப்பு. மோட்டாரைப் பிரித்து, கருகிப்போன காயிலை வெட்டி எடுத்து, சுற்றுக்களை எண்ண ஆரம்பித்தார். பக்கத்தில் ஒரு பையன். இருபது, இருபத்தொன்று இருக்கலாம். அவனும் எண்ணினான். எண்ணிக்கை தவறியது. திரும்ப எண்ணினான்.

“எலெக்ட்ரீஷியன் ட்ரேடு, ரெண்டு வருசம் ஐ.டி.ஐ. முடிச்சவன் சார் இவன். நல்ல மார்க்கு” என்றார் மேஸ்திரி. கேலி எதுவும் இல்லை. தகவல் சொல்வதுபோல்தான் சொன்னார். “எங்கிட்ட வந்தப்ப மோட்டாரைத் தொட்டதே இல்ல.”

டீ வந்தது. பையன் தானாகவே பேசினான். அவன் படித்தது ஒரு தனியார் ஐ.டி.ஐ. அங்கே ஒரு மோட்டார் இருந்ததாம், கண்ணாடி பீரோவுக்குள். சாவி ஆபீஸில். ஒருநாள் அங்கீகாரத்துக்காக ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல். முதல் நாள் ராத்திரி ஒரு மினி லாரி வந்தது. டிரில்லிங் மெஷின், பேனல் போர்டு, மீட்டர்கள் எல்லாம் எங்கிருந்தோ வந்து இறங்கின.

“நாங்கதான் சார் இறக்கி வெச்சோம். மறுநாள் எல்லாருக்கும் காக்கி டிரெஸ்ஸு. மெஷின் முன்னாடி நிக்கச் சொன்னாங்க. வந்தவரு என்னைப் பார்த்து, ‘தினமும் பிராக்டிக்கல் நடக்குதா தம்பி?’ன்னு கேட்டாரு. ‘நடக்குது சார்’னு சொன்னேன்.”

கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நானும் பொய் சொன்னேன்ல சார்?”

இந்தக் கேள்விக்கு என்னிடம் சட்டென்று பதில் இல்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பொய் சொன்னவன் லாபம் அடைவான், கேட்டவன் நஷ்டப்படுவான். இதுதான் நமக்குத் தெரிந்த கணக்கு. இங்கே பொய் சொன்னவனே ஃபீஸும் கட்டி, நஷ்டத்தையும் சுமக்கிறான். கேட்டவர் ஃபைலில் டிக் அடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

பி.காம். படித்தவர்களுக்கு ஆடிட்டிங் பாடத்தில் ஒரு பழைய வழக்கு நினைவிருக்கும். இங்கிலாந்தில் கிங்ஸ்டன் காட்டன் மில். அதன் மேனேஜர் சரக்கு இருப்பைக் கூட்டிக் காட்டிவந்தார். அவர் எழுதிக் கொடுத்ததை நம்பி ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 1896-ல் தீர்ப்பு வந்தது: ஆடிட்டர் காவல் நாய் மாதிரி; மோப்ப நாயாக இருக்கவேண்டிய அவசியமில்லை. சந்தேகப்பட முகாந்திரம் இல்லாதபோது நம்பியது குற்றமில்லை. பரீட்சையில் நானும் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். 2009-ல் சத்யம் கம்பெனி விவகாரம் வெடித்து, வங்கியில் இல்லாத கோடிகளுக்கு உலகப் பெயர் பெற்ற ஆடிட் நிறுவனம் கையெழுத்துப் போட்டிருந்தது தெரிந்தபோதுதான், அந்த நாயைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்தது.

ஐ.டி.ஐ. கதையும் ஏறக்குறைய அப்படித்தான். தொழிற்பயிற்சிக்கான தேசிய கவுன்சில் 1956-ல் அமைக்கப்பட்டது. எந்த ட்ரேடுக்கு எவ்வளவு இடம், என்னென்ன கருவி, எத்தனை ஆசிரியர் என்றெல்லாம் விதி உண்டு. நாட்டில் முதல் நாலாயிரம் ஐ.டி.ஐ.கள் உருவாக அறுபது வருஷம் பிடித்தது. 2007-க்குப் பிறகு பத்தே வருஷத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் ஐ.டி.ஐ.கள் முளைத்துவிட்டன. இடையில் சில வருடங்கள், நேரில் போய்ப் பார்த்துத் தரச்சான்று தரும் வேலை இந்தியத் தரக் கவுன்சிலிடம் போனது. விதிகளைச் சரியாகப் பார்க்காமலே அங்கீகாரம் கொடுக்கப்பட்டதை, தொழிலாளர் நலனுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2018-ல் கடுமையாகக் கண்டித்தது. அந்த வருடக் கடைசியில் என்.சி.வி.இ.டி. என்ற புதிய ஒழுங்குமுறை அமைப்பு அறிவிக்கப்பட்டது. 2020-ல் வேலையைத் தொடங்கியது. ஆக, பார்வையிடுகிறவர்களைப் பார்வையிட ஓர் அமைப்பு. அதைப் பார்வையிட..? சரி, விடுங்கள்.

இந்த ஊரில் இன்னொரு வேடிக்கை. அதே தரக் கவுன்சில் 2015-ல் யோகா ஆசிரியர்களுக்கும் சான்றிதழ் தரும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. செங்கம் சாலையில் நடந்தால் யோகா, தியானம், ஞானம் என்று எத்தனை போர்டுகள்! அந்தத் தீர்ப்பு வந்த அதே 1896-ல்தான், பதினாறு வயதுப் பையனாக ரமணர் இந்த ஊரில் ரயிலிறங்கினார். அவருக்கு யாரும் அங்கீகாரம் கொடுக்கவில்லை. அவரும் யாரையும் தன் ஆன்மிக வாரிசு என்று அறிவித்துவிட்டுப் போகவில்லை.

அதனால் சான்றிதழே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? எனக்கும் அப்படிச் சொல்லிவிட ஆசைதான். ஆனால் ஞானம் வராவிட்டால் எனக்கு மட்டும்தான் நஷ்டம். எர்த் கம்பியைச் சரியாக இணைக்காவிட்டால், ஈரக் கையோடு ஸ்விட்ச் போடுகிற யாரோ ஒரு அம்மா செத்துப்போவார். அந்த அம்மாவுக்கு எலெக்ட்ரீஷியனின் வேலையைச் சோதித்துப் பார்க்கத் தெரியாது. தெரியாதவர்களுக்காகத் தெரிந்தவர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “நம்பலாம்” என்று சொல்வதுதானே அங்கீகாரம்? ஆய்வுக்கு வந்தவர் பீரோவைத் திறக்கச் சொல்லியிருந்தால் போதும். சாவி வர எவ்வளவு நேரமாகிறது என்பதிலேயே விஷயம் தெரிந்திருக்கும். தூசியைத் தொட்டுப் பார்த்திருக்கலாம். இதற்கெல்லாம் எந்தப் புதிய அமைப்பும் வேண்டியதில்லை.

பையனைப் பற்றி? பதினெட்டு வயதில், பிரின்ஸிபால் பின்னால் நிற்கும்போது, “நடக்கவில்லை சார்” என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஆனால் “உன் தப்பு எதுவுமில்லை தம்பி” என்று தட்டிக்கொடுக்கவும் எனக்கு வாய் வரவில்லை. அவன் சமாதானம் கேட்கவில்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரில் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான் என்று மட்டும் தோன்றியது.

“மேஸ்திரி, நீங்க ஏன் ஒரு சர்ட்டிபிகேட் வாங்கிக்கலை?” என்று பேச்சை மாற்றினேன்.

“எதுக்கு சார்? என்னைக் கேக்கறவன் எவன்?” என்று சிரித்தார். பிறகு பையனைக் காட்டி, “ஈ.பி.யில கள உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தா அவன் அப்ளிகேஷன் போடலாம். நான் போட முடியாது. முப்பது வருசமா இதே வேலைதான் செய்யறேன்” என்றார். அதையும் தகவல் சொல்வதுபோலவே சொன்னார்.

பையன் தலை நிமிரவில்லை. எண்ணிக்கொண்டிருந்தான். முடித்ததும் எண்ணைச் சொன்னான். மேஸ்திரி தன் பழைய நோட்டில் குறித்திருந்ததைப் பார்த்தார்.

“ரெண்டு குறையுது. திரும்ப எண்ணு.”

மோட்டார் சாயங்காலம்தான் ரெடியாகும் என்றார்கள். நான் ஐயங்குளத்துப் பக்கம் பக்கெட் தண்ணீர் கிடைக்குமா என்று தேடிக்கொண்டு போனேன்.